இடது பக்கத்துத் தூண்டில்

என் ஜெராக்ஸ் கடைக்கும் கண்ணாடிக்காரர் கடைக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். அவர் லென்ஸ் தேய்க்கும் இயந்திரத்தைப் போட்டால் என் மேஜையில் இருக்கும் பேனா தானாக நகரும். பத்தொன்பது வருஷமாக இப்படித்தான். அவரைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி அந்தப் பலகை வழியாகக் காதில் விழுந்தது. மீதியை அவரே ஒரு மத்தியானம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்து சொன்னார்.

கடை சின்னது. எழுத்து அட்டையைத் தூரத்தில் மாட்ட இடமில்லாததால், உட்காருகிறவர் தலைக்குப் பின்னால் மாட்டியிருப்பார். எதிரே ஒரு நிலைக்கண்ணாடி. அட்டையில் எழுத்தெல்லாம் திருப்பி அச்சடித்திருக்கும். கண்ணாடியில் நேராகத் தெரியும். "நம்ம கடையில முதுகுக்குப் பின்னாடி இருக்கறதைப் படிச்சாத்தான் பாஸ்" என்று புதிதாக வருகிறவர்களிடம் சொல்வார். அது அவருடைய ஒரே நகைச்சுவை. பத்தொன்பது வருஷமாக அதையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

மெல்லிய குரல். ஒன்பது வயதிலிருந்து கண்ணாடி போட்டுப் போட்டு மூக்கின் இரண்டு பக்கமும் பள்ளம் விழுந்த முகம். 'முடியாது' என்ற சொல் அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை. பிரேம் மேலேயே உட்கார்ந்து நொறுக்கிவிட்டு, "உங்க பிரேம் சரியில்ல" என்று சண்டைக்கு வருகிறவனுக்கும் புதுக் கம்பி போட்டுக் கொடுத்து அனுப்புவார். முகத்துக்குச் சற்றும் பொருந்தாத சட்டத்தை எடுத்து மாட்டிக்கொண்டு ஒருவர் "எப்படி?" என்று கேட்டால், ஒரு நொடி பார்ப்பார், பிறகு "நல்லாத்தான் இருக்கு" என்பார். அவர் மனைவி ஒருமுறை என்னிடம் சொன்னார்: "இவரு வாயில 'சரி'ங்கறது மூச்சு மாதிரி. வர்றதும் தெரியாது, போறதும் தெரியாது."

அவருக்கு ஒரே அண்ணன். எட்டு வயது மூத்தவர். டவுன் பஸ் டிரைவர். அப்பா இறந்தபோது அண்ணனுக்கு இருபது, தம்பிக்குப் பன்னிரண்டு. அம்மாவுக்கு இருந்தது அரைநாள் வேலைதான். அண்ணன் படித்துக்கொண்டிருந்த படிப்பை ஒரு வெள்ளிக்கிழமை விட்டார். திங்கட்கிழமை ஒரு லாரியில் கிளீனராக ஏறிவிட்டார். அதைப் பற்றி அவர் யாரிடமும் யோசனை கேட்கவில்லை, பிற்பாடு பேசவும் இல்லை. தம்பியைக் கண்ணாடித் தொழில் படிப்பில் சேர்த்ததும் அவர்தான். "உனக்குத்தான் நாலு கண்ணாச்சே, பொருத்தமா இருக்கும்" என்று சொல்லிச் சேர்த்தாராம்.

தம்பி எவ்வளவு மெதுவோ, அண்ணன் அவ்வளவு சத்தம். அவர் தெருமுனையில் வரும்போதே எங்கள் இரண்டு கடைக்கும் கேட்டுவிடும். யாரையும் கெஞ்சிக் கேட்கிற பழக்கம் கிடையாது. "இதைப் பிடி, அங்க நில்லு, அதை எடு" என்பார். இல்லாவிட்டால் தானே செய்துவிடுவார். முப்பத்துநாலு வருஷம் பஸ் ஓட்டியும் ஒரு கோழிக்குஞ்சைக்கூடத் தட்டியதில்லை என்று டிப்போவே சொல்லும். விபத்தில்லாத ஓட்டுநர்கள் என்று அங்கே சுவரில் ஒரு பட்டியல் இருந்தது. அதில் முதல் வரி அவருடையது. ஓய்வு பெறும் நாளில் அவர் படத்தையும் அந்தச் சுவரில் மாட்டுவதாக இருந்தார்கள். அதற்கு இன்னும் ஐந்து மாதம் இருந்தது.

வார விடுமுறை நாளில் அண்ணன் ஏரிக்கு மீன் பிடிக்கப் போவார். சின்ன வயதில் தம்பியும் கூடவே போய்க்கொண்டிருந்தார். பிறகு கடை, கல்யாணம், இரண்டு பெண்களின் படிப்பு. இரண்டு பேரும் சேர்ந்து ஏரிக்குப் போய் ஆறு வருஷம் ஆகியிருந்தது. ஒருநாள் மத்தியானம் மூன்று மணி இருக்கும், தூண்டில்களைத் துணியில் சுற்றிக்கொண்டு அண்ணன் வந்தார்.

"டேய் நாலுகண்ணா, ஷட்டரை இறக்கு."

"ரெண்டு பேருக்கு அஞ்சு மணிக்குக் கண்ணாடி தர்றேன்னு சொல்லியிருக்கேண்ணே."

"நாளைக்குப் பார்த்துக்கட்டும். இத்தனை நாள் தடவிக்கிட்டுத்தானே நடந்தாங்க, இன்னும் ஒரு நாள் நடக்கட்டும்."

தம்பி ஷட்டரை இறக்கினார். புறப்படும்போது என் கடை வாசலில் நிற்கும் விளம்பரப் பலகையில் அண்ணனின் இடது தோள் பலமாக இடித்தது. "பலகையை நடுரோட்டுல வெச்சிருக்கீங்களே, நியாயமா?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். பலகை எப்போதும் நிற்கும் இடத்தில்தான் நின்றது. நானும் சிரித்து வைத்தேன். ஸ்கூட்டரைத் தம்பியை ஓட்டச் சொன்னார். "ஆறு நாள் நான் ஓட்டறேன். இன்னிக்காவது என்னை யாராவது கூட்டிட்டுப் போங்க."

ஏரிக்கரையில் பயன்பாட்டில் இல்லாத பழைய பம்ப் ரூம் ஒன்று உண்டு. அதன் சிமெண்ட் மேடை தண்ணீருக்குள் நாலடி நீண்டிருக்கும். அதுதான் அண்ணனின் இடம். எதிர்க்கரையில் காகித ஆலையின் புகைபோக்கி. இடது பக்கம் கோரைப்புல் ஆள் உயரத்துக்கு வளர்ந்து நின்றது. அண்ணன் இரண்டு தூண்டில் போட்டார். ஒன்று நேர் எதிரே. இன்னொன்று இடது பக்கம், கோரை ஓரமாக. பெரிய மீன் கோரை ஓரத்தில்தான் மேயும் என்பது அவர் அனுபவம். கம்புகளைக் கவட்டைக் குச்சிகளில் சாய்த்து வைத்துவிட்டு மேடை விளிம்பில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தார். தம்பிக்குத் தூண்டில் கிடையாது. மண்புழு டப்பாவும் டீ பிளாஸ்க்கும்தான் அவர் பொறுப்பு. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அண்ணனுக்கு இடது பக்கத்தில், கொஞ்சம் பின்தள்ளி, அவரும் உட்கார்ந்தார்.

தண்ணீரில் அலையே இல்லை. எதிரே இருந்த தக்கை லேசாகத் தலையாட்டியது.

"சின்னது. கொறிக்குது" என்றார் அண்ணன். "பெருசு கொறிக்காது. ஒரே இழுப்பு. மனுஷங்க மாதிரியேதான். கடையில வியாபாரம் எப்படி?"

"பரவால்லண்ணே. எல்லாரும் போனைப் பார்த்துப் பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கிட்டு வர்றாங்க. ஓடுது."

"அப்ப போன் கம்பெனிக்காரனுக்கு ஒரு நன்றிக் கடுதாசி போட்டுடு."

பேச்சு அப்படியே போனது. அம்மாவின் தையல் மெஷின் இப்போது யார் வீட்டில் இருக்கிறது, மூத்த பெண் யாரைப் போலப் பேசுகிறாள், டிப்போவில் புதிதாக வந்த மேலாளர் எப்படி மீசையை வெட்டிக்கொண்டிருக்கிறார் என்று எதையெதையோ பேசினார்கள். கண்ணாடிக்காரருக்கு இப்படிச் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது. பிளாஸ்க் மூடியில் டீ ஊற்றி அண்ணன் பக்கம் நீட்டினார்.

அண்ணன் வாங்கவில்லை. தக்கையிலேயே கவனமாக இருக்கிறார் என்று நினைத்துத் தம்பி நீட்டிய கையை அப்படியே வைத்திருந்தார். சூடு விரலைச் சுட்டது. "அண்ணே, டீ" என்றார். அண்ணன் தலையை முழுதாக இடது பக்கம் திருப்பி, மூடி எங்கே என்று ஒரு கணம் தேடி, வாங்கிக்கொண்டார்.

அதைத் தம்பி பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரத்தில் கோரை ஓரத்துத் தக்கை ஒரேயடியாக முங்கியது. கம்பு வளைந்து, கவட்டைக் குச்சியே சாய்ந்தது. அண்ணன் நேர் எதிரே பார்த்தபடி பேசிக்கொண்டே இருந்தார். ஒரு காலத்தில், தக்கை அசைவதற்கு முன்னாலேயே அவர் கை கம்புக்குப் போய்விடும்.

"அண்ணே, இடது தூண்டில்."

அவர் திரும்பி, தடவிக் கம்பை எடுத்து இழுப்பதற்குள் மீன் முள்ளை விட்டுவிட்டுப் போயிருந்தது. "வெயில் மூஞ்சியில அடிக்குது" என்றார். சூரியன் அவர்கள் முதுகுப் பக்கம் இருந்தது.

வயதானவர்கள் கடைக்கு வந்தால் கண்ணாடிக்காரர் ஒரு சோதனை செய்வார். நேரே பார்க்கச் சொல்லிவிட்டு, காதுக்குப் பின்னாலிருந்து விரல்களை ஆட்டிக்கொண்டே முன்னால் கொண்டுவருவார். விரல் தெரிந்ததும் அவர்கள் சொல்லவேண்டும். அவ்வளவுதான். அன்றைக்கு அண்ணன் புதிய புழுவை மாட்டி எறிந்துவிட்டுத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, இவர் தன் வலது கையைத் தூக்கி அண்ணனின் இடது காதோரம் விரல்களை ஆட்டினார். மெல்ல முன்னால் கொண்டுவந்தார். காதைத் தாண்டியது. நெற்றிப்பொட்டைத் தாண்டியது. கன்னத்து எலும்புக்கு நேராக வந்தது. கிட்டத்தட்ட மூக்குக்கு எதிரே வந்த பிறகுதான் அண்ணன் திடுக்கிட்டார்.

"என்னடா பண்றே?"

"கொசுண்ணே."

கண் நரம்பு பட்டுப்போய், பார்வை ஓரத்திலிருந்து உள்நோக்கிச் சுருங்குகிற நோய் அது. கண்ணுக்குள் அழுத்தம் கூடி வரும். வலி கிடையாது. நேரே பார்க்கிற பார்வை கடைசிவரைக்கும் நன்றாக இருப்பதால் ஆளுக்கே தெரியாது. டிப்போவில் வருஷத்துக்கு ஒருமுறை நடக்கும் பரிசோதனையில் சுவரில் இருக்கும் எழுத்தைப் படிக்கச் சொல்வதோடு சரி, அதில் தேறிவிடலாம். போன பார்வை திரும்பாது. மிச்சத்தைச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாம். இதெல்லாம் கண்ணாடிக்காரருக்குத் தன் வீட்டு விலாசம் போலத் தெரியும்.

"எத்தனை நாளாண்ணே?" என்று கேட்டார்.

தம்பி என்ன கேட்கிறான் என்பது அண்ணனுக்குப் புரிந்துவிட்டது. டீ மூடியைத் தண்ணீரில் அலசி, உதறி, பக்கத்தில் கவிழ்த்தார்.

"ஒரு வருஷம் இருக்கும். கதவுல இடிச்சுக்கறேன். மேஜை முனையில இடிச்சுக்கறேன். வயசாயி தடுமாறறேன்னு நெனச்சிட்டிருக்கா உங்க அண்ணி."

"ஓட்டறப்ப?"

"தலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கறேன். ரெண்டு பக்கமும். புதுசா வர்ற டிரைவருங்களுக்கு என்னைத்தான் காட்டறாங்க. பாருங்கடா, இந்த வயசுலயும் எவ்வளவு கவனமா ஓட்டறாருன்னு." அவர் சிரிக்க முயன்றார்.

"நாளைக்குக் காலையில கடைக்கு வாண்ணே. அங்கேருந்து டாக்டர்கிட்ட போயிடலாம்."

"போயி?"

"மருந்து போட்டா இருக்கறது நிக்கும்."

"டாக்டர் எழுதிக் கொடுத்துட்டா டிப்போவில அன்னிக்கே வண்டியை வாங்கிக்குவாங்க. அஞ்சு மாசம்டா. அஞ்சே மாசம். அந்த ரோடு எனக்கு மனப்பாடம். கண்ணை மூடிக்கிட்டே..." சொல்ல வந்ததை அவரே நிறுத்திக்கொண்டார்.

"அண்ணே, ஜனங்க இருக்காங்க வண்டியில."

"எனக்குத் தெரியாதா? சனிக்கிழமை வர்றேன். லீவு போட்டுட்டு வர்றேன். அதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லாதே." அவர் தம்பி பக்கம் திரும்பினார். "டேய். நான் உன்கிட்ட இதுவரைக்கும் ஏதாவது கேட்டிருக்கேனா?"

கண்ணாடிக்காரர் யோசித்துப் பார்த்தார். உண்மைதான். சாப்பாடு, படிப்பு, கடைக்கு இடம், கல்யாணம் என்று எல்லாவற்றையும் அண்ணன் செய்திருந்தார். திரும்ப எதுவும் கேட்டதில்லை. நாற்பத்தொன்பது வயதில் முதல் தடவையாக அண்ணன் தன்னிடம் ஒன்று கேட்கிறார்.

"சரிண்ணே" என்றார்.

அதற்குப் பிறகு அரைமணி நேரத்தில் எதிர்த் தூண்டிலில் ஒரு கெண்டை விழுந்தது. முழங்கை நீளம். அண்ணன் எழுந்து நின்று தூண்டில் நரம்பை விட்டு விட்டு இழுக்க, தம்பி முழங்கால் தண்ணீரில் இறங்கி, கண்ணாடியெல்லாம் நனைந்து ஒன்றும் தெரியாமல் மீனைக் கட்டிப்பிடிக்க, இரண்டு பேரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி சிரித்தார்கள். "மீன் உன்னைப் பிடிச்சிருக்கா, நீ மீனைப் பிடிச்சிருக்கியா?" என்றார் அண்ணன். பொழுது சாயும் நேரத்தில் திரும்பினார்கள். பின்னால் உட்கார்ந்த அண்ணன் தம்பியின் தோளில் கைவைத்துக்கொண்டே வந்தார்.

"அன்னிக்கு நான் சந்தோஷமா இருந்தேன் சார்" என்று கண்ணாடிக்காரர் என்னிடம் சொன்னார். "தெரிஞ்சதுக்கு அப்புறமும் சந்தோஷமா இருந்தேன். அதைத்தான் என்னால ஏத்துக்க முடியல."

சனிக்கிழமை அண்ணன் வரவில்லை. போன் செய்தால், ஆள் பற்றாக்குறை, லீவு தரவில்லை, அடுத்த சனிக்கிழமை கட்டாயம் என்றார். தம்பி "சரிண்ணே" என்றார். எட்டாம் நாள் மனசு கேட்காமல் டிப்போவுக்கே போனார். உள்ளே டிப்போ டாக்டரின் அறை இருந்தது. கேட்டுக்கு எதிர்ப்புறம் ஸ்கூட்டரை நிறுத்தி நின்றபோது அண்ணனின் பஸ் வெளியே வந்தது. அண்ணன் தலையை இடது பக்கம் முழுதாகத் திருப்பிப் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார், மறுபடியும் இடது பக்கம் பார்த்தார், பிறகுதான் வண்டியை ரோட்டில் ஏற்றினார். இவ்வளவு கவனமாக ஓட்டுகிறவரைப் பற்றி என்னவென்று போய்ச் சொல்வது? தனக்குத்தானே அப்படிச் சொல்லிக்கொண்டு ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டு கடைக்கு வந்துவிட்டார்.

பன்னிரண்டாம் நாள் காலை ஒன்பதரை மணி. பலகைக்கு அந்தப் பக்கம் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது, என் பேனா மேஜையில் நகர்ந்துகொண்டிருந்தது. அவர் போன் அடித்தது. இயந்திரம் நின்றது. மறுபடி ஓடவில்லை. நான் எட்டிப் பார்த்தபோது, பாதி தேய்த்த லென்ஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

மார்க்கெட் முனையில் இடது பக்கம் திரும்பும்போது, அதே பக்கத்தில் சைக்கிளில் வந்த ஒரு பெண்மேல் பஸ் மோதியிருந்தது. துணிக் கம்பெனியில் துணி வெட்டுகிறவள். நாற்பது வயது இருக்கும். வண்டி மெதுவாகத் திரும்பியதால் உயிர் தப்பியது. இடுப்பெலும்பும் தொடையெலும்பும் முறிந்திருந்தன.

டிப்போவில் விசாரணை நடந்தது. டிரைவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் திருப்பினார் என்று கண்டக்டர் சொன்னார். அது பொய்யில்லை. எழுத்தைப் படிக்கச் சொன்னார்கள்; கடைசி வரி வரைக்கும் அண்ணன் படித்தார். முப்பத்துநாலு வருஷத்துப் பெயர் வேறு இருந்தது. சைக்கிளில் வந்தவர் திடீரென்று குறுக்கே வந்துவிட்டார் என்று எழுதி முடிக்கப் போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது.

கண்ணாடிக்காரர் அந்தப் பெண்ணைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனார். முதல் தடவை வார்டு வாசலோடு திரும்பிவிட்டார். இரண்டாம் தடவை கட்டிலருகே போய், தான் டிரைவரின் தம்பி என்று சொன்னார். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் திட்டவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"உங்க அண்ணனுக்கு எம்மேல என்ன கோவம்?"

"கோவமா?"

"அவரு என்னைப் பார்த்தாரு. மூஞ்சியைத் திருப்பி நேரா என் பக்கம் பார்த்தாரு. நான் கையைக்கூடக் காட்டினேன், நேராப் போறேன்னு. பார்த்துட்டும் வண்டியைத் திருப்பினாரு. இங்க படுத்துக்கிட்டு தினமும் அதைத்தான் நெனச்சிட்டிருக்கேன். ஒரு மனுஷன் என்னைப் பார்த்துட்டே எப்படி மேல ஏத்துவான்னு."

கண்ணாடிக்காரர் எழுந்துவிட்டார். அங்கிருந்து நேராக அண்ணன் வீட்டுக்குப் போனார். அண்ணி மளிகைக் கடைக்குப் போயிருந்தார். அண்ணன் சமையலறையில் தனியாக உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தார், தின்னவில்லை. அந்தப் பெண் சொன்னதைத் தம்பி அப்படியே சொன்னார்.

"நான் பார்க்கலைடா" என்றார் அண்ணன். "திரும்பினேன். அங்க யாருமே இல்ல. ரோடு காலியா இருந்துச்சு."

"தெரியும்ணே. தலை திரும்பினாலும், ஓரத்துல இருந்த அவங்க உன் கண்ணுல விழுந்திருக்கமாட்டாங்க. நாளைக்குப் போய்ச் சொல்லிடலாம். நீ சொல்லலைன்னா நான் சொல்லவேண்டியிருக்கும்."

அண்ணன் கோபப்படுவார் என்று தம்பி தயாராகத்தான் வந்திருந்தார். ஆனால் அண்ணன் ரொட்டித் துண்டைத் தட்டில் வைத்துவிட்டு அவரை ஏறிட்டுப் பார்த்தார்.

"இப்ப சொல்றே. அன்னிக்கு ஏரியில ஏன் சரின்னே?"

தம்பி கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார்.

"உனக்கு ஒன்பது வயசு. அதே மேடையில உக்காந்து தக்கையைப் பார்த்துக்கடான்னா, வேற எங்கியோ கையைக் காட்டினே. உனக்குக் கண்ணு தெரியலைன்னு அப்பதான் எனக்குப் புரிஞ்சுது. மறுநாள் காலையில உன்னைத் தரதரன்னு கண் டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போனேன். வரமாட்டேன்னு அழுதே. தெருவுல படுத்துப் புரண்டே. நான் உன்னைக் கேட்டா கூட்டிட்டுப் போனேன்?" அவர் குரல் உயரவில்லை. அதுதான் தம்பிக்குத் தாங்கவில்லை. "நான் கேக்கத்தான் செய்வேன். எனக்கு அந்த வண்டி வேணும், அந்தப் பேரு வேணும், நான் கேப்பேன். நீ கண்ணு பார்க்கறவன். முடியாதுன்னு சொல்லியிருக்கணும். என் சட்டையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போயிருக்கணும்."

மறுநாள் இருவரும் டிப்போவுக்குப் போனார்கள். அண்ணனே எல்லாவற்றையும் சொன்னார். விபத்துக்குப் பன்னிரண்டு நாள் முன்பே தனக்குத் தெரியும் என்று தம்பியும் சொன்னார். அதிகாரி தலை நிமிராமல் எழுதிக்கொண்டார். தம்பி சொன்னதற்கு அந்தத் தாளில் ஒரு வரிகூட முழுதாக ஆகவில்லை. அண்ணனை வேலையிலிருந்து எடுத்தார்கள். சுவரில் இருந்த பட்டியலில் முதல் வரியை வெள்ளைத்தாள் ஒட்டி மறைத்தார்கள். அந்தப் பெண் பக்கம் தப்பில்லை என்று எழுதப்பட்டது. டாக்டர் பார்த்துவிட்டு, இடது கண்ணில் பெரும்பகுதி போய்விட்டது, வலது கண்ணைத் தக்கவைக்கலாம், ஒரு வருஷம் முன்னால் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றார்.

அண்ணன் தம்பியோடு பேசாமல் இருந்துவிடவில்லை. முன்பு போலவே கடைக்கு வருகிறார். ஆனால் இப்போது சத்தம் கேட்பதில்லை. வாசலில் நின்று, "தம்பி, வேலை ஒண்ணும் இல்லைன்னா, முடிஞ்சா, சொட்டு மருந்து மட்டும் வாங்கிக் கொடுக்கறியா?" என்று கேட்கிறார். ஒருநாள் அப்படிக் கேட்டுவிட்டுப் போன பிறகு, கண்ணாடிக்காரர் திரைக்குப் பின்னால் போய் ரொம்ப நேரம் வெளியே வரவில்லை. "அவரு என்னை அதட்டினா நல்லா இருக்கும் சார்" என்றார் பிற்பாடு.

எட்டு மாதம் கழித்து அண்ணன், அந்தப் பெண்ணைப் பார்க்கவேண்டும் என்றார். இருவரும் பஸ்ஸில் போனார்கள். ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடி. குறுகலான படி. கைத்தடி ஊன்றிக்கொண்டு அவளே கதவைத் திறந்தாள். உள்ளே ஜன்னலோரம் மேஜையில் வெட்டிய துணிகள் அடுக்கியிருந்தன. நின்று வெட்டுகிற வேலை இனி முடியாது என்பதால், கம்பெனியில் துண்டுகளுக்கு எண் குறிக்கும் வேலை கொடுத்திருந்தார்கள். வீட்டிலேயே உட்கார்ந்து செய்தாள்.

"அம்மா, நான்தான் அந்த டிரைவர்" என்றார் அண்ணன். "நான் உங்களைப் பார்க்கலம்மா. உங்க பக்கம் திரும்பினேன். ஆனா எனக்குத் தெரியல. என் கண்ணு போயிருந்துது. அதைத் தெரிஞ்சுக்கிட்டே ஓட்டினேன். அதைச் சொல்லத்தான் வந்தேன்."

அவள் கொஞ்ச நேரம் அவர் கண்களையே பார்த்தாள். "ஆபீஸ்ல ஒரு தாள் கொடுத்தாங்க. அதுல எழுதியிருந்துச்சு" என்றாள். "நீங்க சொல்லிக் கேக்கறது வேற மாதிரி இருக்கு. சரி."

கண்ணாடிக்காரர் அத்தோடு விட்டிருக்கலாம். அண்ணன்கூட அவர் கையைத் தொட்டார், போதும் என்கிற மாதிரி. ஆனால் அவர் சொன்னார். "நான் கண்ணாடிக்கடை வெச்சிருக்கேன். உங்களுக்கு அடிபடறதுக்குப் பன்னிரண்டு நாள் முன்னாடி அண்ணன் கண்ணை நான் சோதிச்சுப் பார்த்தேன். எனக்கு அப்பவே தெரியும்."

அவள் இப்போது அவர் பக்கம் திரும்பினாள்.

"அப்ப நீங்க பார்த்திருக்கீங்க" என்றாள்.

"ஆமா."

அவர் மேற்கொண்டு ஏதோ சொல்லத் தயாரானார். அண்ணன் கேட்டது, தன்னால் மறுக்க முடியாதது, டிப்போ வாசல்வரை போய்விட்டு வந்தது எல்லாம் நாக்கு நுனியில் இருந்தன. அவள் அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. நிற்க அவளுக்கு வலித்தது. "வேலை கிடக்கு. பார்த்துப் போயிட்டு வாங்க, படி செங்குத்து" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். அறைந்து சாத்தவில்லை. மெதுவாகத்தான் சாத்தினாள்.

சாயங்கால வெளிச்சம் படிக்கட்டில் அரைகுறையாக விழுந்தது. அண்ணன் முதல் படியைக் காலால் துழாவினார். தம்பி கீழே ஒரு படி இறங்கி நின்று, அண்ணன் கையை எடுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டார். இந்தத் தடவை அண்ணனைக் கேட்கவில்லை. கீழே வந்ததும் அண்ணன் கையை எடுத்துக்கொண்டு, "பஸ் ஸ்டாப் எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

இதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டுக் கண்ணாடிக்காரர் எழுந்து ஷட்டரை முழுதாகத் தூக்கினார். வெளியே ஒரு பெரியவர் காத்துக்கொண்டிருந்தார். படிக்கிற கண்ணாடி வேண்டும், எழுத்து மட்டும் கொஞ்சம் மங்கல், வேறொன்றும் இல்லை, சீக்கிரம் கொடுத்தால் போதும் என்றார். கண்ணாடிக்காரர் அவரை நாற்காலியில் உட்கார வைத்து, "நேராப் பாருங்க" என்று சொல்லிவிட்டு, அவர் காதுக்குப் பின்னால் கையைக் கொண்டுபோனார்.

"எனக்கு அவசரம் தம்பி. அதெல்லாம் வேண்டாம்" என்றார் பெரியவர்.

"முடியாதுங்க" என்றார் கண்ணாடிக்காரர்.